இன்னும் கொஞ்சம் ஏத்துண்ணா

உங்கள் அறையின் மின்விசிறி அருமையாகச் சுற்றுகிறது, சார். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் முதலில் அதன் பேரிங்தான் ஞாபகத்துக்கு வரும். காகிதம் கொடுத்தபோது, "விசிறியை நிறுத்தட்டுமா, இதோட கத்தல்ல எழுத முடியுமா?" என்று கேட்டீர்கள். என்னை நோட்டம் பார்க்கத்தான் அப்படிக் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஓடட்டும்.

எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். எனக்குச் சும்மா உட்கார வராது. பேசச் சொன்னால் கால் ஆடும், விரல் மேசையில் தாளம் போடும், எதிரில் இருப்பவருக்குப் பொய் சொல்கிறான் என்று தோன்றும். எழுதினால் ஒரு கையாவது அடங்கியிருக்கும்.

எங்கள் இசைக்குழுவின் பெயர் 'கதவைச் சாத்து'. பெயர் வைத்தது அக்கம்பக்கத்துக்காரர்கள் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் வீட்டில் வாசித்துப் பழக ஆரம்பித்தால் நாலு ஜன்னலிலிருந்தும் அந்த வார்த்தைதான் வரும். நாங்கள் நாலு பேர். பாடுவதும் ஒரு கிட்டார் வாசிப்பதும் என் தங்கை. இன்னொரு கிட்டார் ஒல்லி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். டிரம்ஸ் அடிக்கிறவனை மேஸ்திரி என்போம். தரைக்கு ஓடு பதிப்பது அவன் தொழில், எங்களையும் கூலியாட்களை விரட்டுவதுபோலத்தான் விரட்டுவான். நான் பேஸ் கிட்டார். தடித்த நாலு கம்பி. அது ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது, நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது போதும் என்றுதான் பன்னிரண்டு வருடம் இருந்தேன்.

பங்க் என்று சொல்வார்கள் எங்கள் இசையை. கிட்டாரில் மூன்றே கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, இரண்டு நிமிடம், மூச்சு விட இடமில்லாத வேகம். ஆனால் எங்கள் பாட்டுகளில் மெட்டு இருந்தது. அது என் தங்கையின் வேலை. தலைதெறிக்க ஓடுகிற பாட்டின் நடுவே ஒரு மெட்டை வைப்பாள். கேட்டவன் மறுநாள் பல் தேய்க்கும்போது அதை முணுமுணுப்பான். அவளை நாங்கள் விசில் என்று கூப்பிடுவோம். உச்சத்துக்குப் போகும்போது அவள் குரல் குக்கர் விசில் மாதிரி கிழியும். மேஸ்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பான். அந்தக் குரலுக்காகத்தான் நான் நாள் முழுக்க லிஃப்ட் குழியில் கிரீஸில் உழன்றுவிட்டு மாலையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் வேறு எதன் மீதும் எனக்கு அத்தனை ஆசை இருந்ததில்லை.

பழகுவதற்கு ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு கிடைத்தது. ஒரு சாண் தடிமன் சுவர், உள்ளே கத்தினால் வெளியே எறும்புக்குக்கூடக் கேட்காது. ஞாயிறு மதியம் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வருவோம். வெளியே வந்ததும் என் காதுக்குள் ஒரு பூச்சி கத்தும். ராத்திரி படுத்தாலும் கத்தும். அமைதியான இடங்களில் எனக்கு இருப்புக் கொள்ளாததற்கு அந்தப் பூச்சிதான் காரணம். எல்லோருக்கும் அப்படி ஒன்று கத்தும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனியில் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் வந்து நின்று, "என்னப்பா, பேரிங் இந்த அலறு அலறுது, உனக்குக் கேக்கலையா?" என்றார். கேட்டது, அவசரமில்லை என்று விட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. காது டாக்டரிடம் அனுப்பினார். தங்கைக்கு அன்று விடுமுறை, கூட வந்தாள். ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் ஒலிக்கவில்லை. கருவி பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் முகம் கழுவியிருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணா. மெழுகுதான். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க" என்றாள்.

கம்பெனி என்னை மாடியிலிருந்து இறக்கி, உதிரிபாகக் கிடங்கில் போட்டது. சூப்பர்வைசருக்கு என்மேல் ஏதோ கடுப்பு என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் ஒரு புதுப் பாட்டோடு வந்தாள். நிதானமான பாட்டு. அதில் ஒல்லி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டு வாசிக்க வேண்டும். மேஸ்திரி குச்சியைப் போட்டுவிட்டுத் தூரிகை மாதிரி ஒன்றால் டிரம்மைத் தடவ வேண்டும். நான் பதினாறு எண்ணிக்கை கம்பியில் கைவைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். சும்மா. பதினாறு. உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாது, சார். விரல் எல்லாம் அரிக்கும், முழங்கால் துடிக்கும். அவள் வாயசைவது தெரியும், பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. காதுக்குள் பூச்சி மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.

"யாருக்காக இதைப் பாடுறே?" என்று கேட்டேன்.

"எனக்கு நாலு பேர் கேக்கணும்ணா. எத்தனை நாளைக்கு இந்தக் கிடங்குக்குள்ளேயே கத்திக்கிட்டிருக்கிறது?" அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கைதட்டல் கேக்குதா உனக்கு?"

"ஆமா. கேக்குது. போதுமா?"

மேஸ்திரி குறுக்கே வந்தான். "விடுப்பா, பாட்டு நல்லாத்தானே இருக்கு. சும்மா எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு." ஒல்லி எப்போதும்போலக் கண்ணாடியைத் துடைத்தான். மூன்று பேரும் ஒன்று, நான் ஒன்று என்று அன்று எனக்குப் புரிந்தது.

அந்தப் பாட்டு ஓடியது. துணிக்கடையில் போட்டார்கள், முடிதிருத்தும் கடையில் போட்டார்கள். ஒரு நாள் உதிரிபாகம் கொண்டுபோன இடத்தில் லிஃப்டுக்குள் நிற்கிறேன், கூட வந்த பையன்கள் என் முதுகில் தட்டி, "உங்க பாட்டுண்ணே!" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எம்பி, கூரையில் இருந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோன பிறகுதான், ஆமாம், ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தது. அவ்வளவு சாரமற்ற பாட்டு. பாட்டு என்றால் அப்படியா இருக்கும்? நான் அவர்களிடம் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு இன்-இயர் வந்தது. அதுவும் தங்கையின் பிடிவாதம்தான். வழக்கமாக மேடையில் எங்களைப் பார்த்துப் பெரிய ஒலிபெருக்கிகள் நிற்கும். நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்பதற்காக. அதையெல்லாம் எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு ஜோடி குமிழ், காதுக்குள் செருகிக்கொள்வது. யாருக்கு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒரு பெட்டி தீர்மானிக்கும். மின்வேலை தெரிந்தவன் என்பதால் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. என் காலடியிலேயே இருக்கும். பாட்டின் நடுவே பேச முடியாது அல்லவா, அதற்காகச் சைகை வைத்திருந்தோம். ஆள்காட்டி விரலை மேலே காட்டினால் ஏற்று. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் இறக்கு.

"உன்னோடதை மட்டும் கம்மியா வெச்சுக்கோண்ணா. சத்தியம் பண்ணு" என்றாள் முதல் நாள். பண்ணினேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. அது என் காது, என் விருப்பம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். முதல் தடவை நடந்தது தற்செயல். ஒரு கல்லூரி விழாவில் அவள் குமிழுக்குப் போகும் குரல் இணைப்பு தளர்ந்துவிட்டது. டிரம்ஸ் கேட்கிறது, கிட்டார் கேட்கிறது, தன் குரல் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. தன் குரல் கேட்காத ஆள் என்ன செய்வார்? கத்துவார். அந்த மெல்லிய பாட்டையே அவள் தொண்டை கிழியக் கத்திப் பாடினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாகக் காணாமல் போயிருந்த விசில், முழுசாக, என் பக்கத்தில். அழுதுவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. அன்று தற்செயல். அடுத்த வாரம் தற்செயல் இல்லை.

செய்தது சின்ன வேலைதான். ஒவ்வொரு முறையும் டிரம்ஸும் கிட்டாரும் ஒரு மயிரிழை கூட, அவள் குரல் ஒரு மயிரிழை குறைவு. அவள் விரலை மேலே காட்டுவாள், குரலை ஏற்று என்று. நான் மற்றதையெல்லாம் ஏற்றுவேன். மறுபடியும் காட்டுவாள். "இன்னும் கொஞ்சம் ஏத்துண்ணா" என்று வாயசைப்பாள். நான் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். காது பழகிப்போகும், சார். போன வாரத்துச் சத்தம் இந்த வாரம் போதாது. எட்டு மாதம் இப்படி.

ஒன்றைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அவள் குமிழை முதலில் என் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். எனக்கு வலித்த எதையும் அவளுக்கு நான் கொடுத்ததில்லை.

பெட்டியில் ஒரு பூட்டு உண்டு. சத்தம் ஓர் அளவைத் தாண்டிக் காதுக்குள் போகாமல் தடுக்கிற ஏற்பாடு. ஐந்தாவது மாதம் அது குறுக்கே நின்றது. எடுத்துவிட்டேன். லிஃப்டில் பாதுகாப்புப் பூட்டை எடுத்தால் என்ன ஆகும் என்று அறிந்தவன்தான் நான். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.

அவள் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஆறாவது மாதம் ஒரு மத்தியானம் அவளைக் கூட்டி வரப் போனேன். அவள் கரும்பலகையில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு பெண்குழந்தை முழங்காலில் சிராய்த்துக்கொண்டு நின்றது. வாய் முழுக்கத் திறந்து அழுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தையின் முகம் சிவந்து போயிருந்தது. தங்கை திரும்பவில்லை. மீனுக்குச் செதில் வரைந்தாள், வால் வரைந்தாள். இன்னொரு டீச்சர் ஓடிவந்து அவள் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். குழந்தையை அள்ளி எடுத்து, "கண்ணு, கண்ணு, டீச்சர் பாக்கலடா" என்று துடித்துப்போனாள். பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு அசடு வழிந்தாள்.

வரும் வழியில், "காது அடைச்ச மாதிரியே இருக்குண்ணா" என்றாள்.

"மெழுகா இருக்கும். சொட்டு மருந்து போடு" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் விசித்திரமாகப் பார்த்தாள். 

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். அன்று தெரியும். அதற்கு முன்னால் தெரியாது என்று வாதாட எனக்கு விருப்பமில்லை, ஆனால் அன்று நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகும் எட்டு நிகழ்ச்சிகள் செய்தோம். ஒவ்வொன்றிலும் ஏற்றினேன்.

ஏன் என்று மேஸ்திரி என் சட்டையைப் பிடித்துக் கேட்டான். உங்களுக்கும் அதே பதில்தான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவள் இன்னும் கொஞ்சம் கத்தினாள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் திரும்பக் கிடைத்தாள். மெல்லிய பாட்டெல்லாம் தானாகப் பழைய பாட்டாக மாறிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல் அவளை அவளிடம் கொண்டு சேர்க்கிறேன் என்று நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணத்தில் பெரிய தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வழி கொஞ்சம் கடுமையானது, அவ்வளவுதான்.

கடைசி நிகழ்ச்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் என் அறைக்கு வந்தாள். "திங்கக்கிழமை காது டாக்டர்கிட்டப் போறேன். ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சிய விட்டுடலாமாண்ணா? தலைக்குள்ள ஒரே இரைச்சல். என்னமோ பூச்சி கத்துற மாதிரி."

பூச்சி என்று அவள் சொன்னபோது என் காதுக்குள் கத்துகிற பூச்சி ஞாபகத்துக்கு வந்தது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை டாக்டர் பார்த்துவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். இருப்பது ஒரே ஒரு நிகழ்ச்சி.

"ஒரு நாள்தானே. சமாளிச்சுடு" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றாள். அவள் அப்படித்தான். குழுவில் எல்லோரையும் எதிர்த்துப் பேசுவாள், கடைசியில் நான் சொன்னால் சரி.

ஞாயிறு மாலை, திறந்தவெளி மேடை, இன்னும் வெளிச்சம் இருந்தது. முதல் பாட்டிலேயே அவள் விரலை உயர்த்தினாள். அன்று நான் மயிரிழை எல்லாம் பார்க்கவில்லை. பெட்டியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் திறந்துவிட்டேன். அவள் ஒரு முறை தலையைச் சாய்த்தாள், கண்ணை இறுக்கிக்கொண்டாள், என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், எல்லாம் சரி என்று. அவள் பிடுங்கி எறியவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறான், வேறென்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். முக்கால் மணி நேரம் பாடினாள், சார். அந்த மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் போவதில்லை.

கடைசிப் பாட்டு முடிந்து ஒல்லி கிட்டாரை ஆம்ப் ஒலிபெருக்கி மீது சாய்த்துவிட்டுப் போனான். அது ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. தங்கை மட்டும் மைக்கைப் பிடித்தபடி, பாட்டு முடிந்தது தெரியாமல் இன்னும் இரண்டு வரி பாடினாள். மேஸ்திரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அவள் குமிழ்களைக் கழற்றிக் கீழே போட்டாள். அவன் ஒன்றை எடுத்துச் சந்தேகத்தோடு தன் காதருகே கொண்டுபோனான். அலறிக்கொண்டு வீசி எறிந்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். புகார் கொடுத்தது அவன்தான் என்பதில் எனக்கு வருத்தமில்லை. நல்லவன்.

நேற்று நீங்கள் இரண்டு விஷயம் காட்டினீர்கள். ஒன்று, அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு. மேஸ்திரியின் வாக்குமூலத்தில், அவள் சுதி எங்கோ விலகி ஊளையிட்டாள், கூட்டம் எழுந்தது கைதட்ட இல்லை, பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள் என்று இருக்கிறது. நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். உங்கள் கான்ஸ்டபிள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எனக்கு அது விசில்தான். இசை தெரியாதவர்களுக்கு அப்படிப்பட்ட குரல் பிடிபடுவது கஷ்டம்.

இன்னொன்று, என் காதுப் பரிசோதனைத் தாள். இரண்டு வருடத்துக்கு முந்தியது. கோடு ஒரு பக்கமாகச் சரிந்து தரையைத் தொடுகிறது. கீழே 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் தங்கையின் கையெழுத்து. அதனோடு அவள் எழுதிக் கொடுத்த நாலு வரி. என் மேல் ஒரு குற்றமும் அதில் இல்லை. நீங்களே வாசித்துக் காட்டினீர்கள், எனக்குச் சரியாகப் பிடிபடாததால் தாளைக் கையில் வாங்கிப் படித்தேன்.

'அண்ணனுக்குக் காது போய்க்கிட்டிருந்துச்சு. இந்தச் சத்தத்துல இன்னும் ரெண்டு வருஷம் நின்னா மொத்தமாப் போயிடும்னாரு டாக்டர். வேலையும் போய், பேண்டும் இல்லைன்னா அண்ணன் தாங்காது. அதனாலதான் பாட்டையே மெதுவாக்கினேன். இன்-இயரும் அதுக்குத்தான் வாங்கினேன். எனக்குப் பேர் வாங்க ஆசைன்னு சொல்லிக்கிட்டேன், அப்பத்தான் என் மேல கோவப்படும், தன்னை நெனச்சு உடையாது.'

மூன்று முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாள், மெட்டு போடுகிறவள் அல்லவா. டாக்டர்கள் எதையாவது எழுதுவார்கள், சார். எனக்குக் கொஞ்சம் மெழுகு இருந்தது, அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். பாட்டு எதற்காக மாறியது என்று தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனாலும் செய்தது நான். அவள் காதுகள் இரண்டையும் எட்டு மாதத்தில், தெரிந்தே, பழைய குரல் வேண்டும் என்பதற்காக, நான்தான் கெடுத்தேன். பூட்டை எடுத்ததும் நான். ஞாயிற்றுக்கிழமை முழுதாகத் திறந்ததும் நான். ஒல்லிக்கும் மேஸ்திரிக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. இது முழு நினைவோடு நானே எழுதியது.

இன்னும் ஒரே ஒரு விஷயம், அதற்கு நீங்கள் வேறு அர்த்தம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இன்று காலை தங்கை என்னைப் பார்க்க வந்தாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாளாம், அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். கோபமாகத் தெரியவில்லை. நான் பேசினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆள்காட்டி விரலை மேலே காட்டினாள். இன்னும் கொஞ்சம் ஏற்று. நான் ஏற்றினேன். மறுபடியும் விரலைக் காட்டினாள், கண்ணில் நீர் நின்றது. மறுபடியும் ஏற்றினேன். அதற்குள் உங்கள் ஆட்கள் மூன்று பேர் அடுத்த கட்டடத்திலிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கைதி தங்கையைப் பார்த்துக் கத்தினான் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். நான் கத்தவே இல்லை. சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.